பின்சுவர்

பெட்டியில் ஐந்நூற்று எண்பத்தெட்டு என்று போட்டிருக்கிறது.
எண்ணினேன். ஐந்நூற்று எண்பத்தேழு.
புரூக்ஸ் பழம்பொருள் கடையில் பதினாலு டொலர்.
"ஒன்றும் குறையாது" என்று சத்தியம் பண்ணாத குறையாய்
விற்றாள் கல்லாவில் நின்றவள்.
சனிக்கிழமை ரொடெலியோவின் மகனுக்குப் பிறந்தநாள்.
பிள்ளைக்குக் குறைச் சாமான் குடுக்கக்கூடாது.
இரவு வேலை முடிந்து வந்து, கை கழுவி,
திரும்பவும் கழுவி,
சமையல் மேசையில் ஒரு நகரத்தைக் கொட்டினேன்.

முதலில் மதுச்சாலை.
இரட்டைக் கதவு நன்றாக ஆடுகிறது.
குவளை நாலு, குடிக்க ஆள் மூன்று,
கழுவ ஆளில்லை.
பிறகு வங்கி. பெட்டகத்துக்குள் இரண்டு பொன்கட்டி,
யாருடையதென்று கையேட்டில் இல்லை.
குதிரைக்குக் கழுத்து அசையும், கால் அசையாது.
அடித்தட்டு மணல் நிறம், துடைத்து வைத்ததுபோல் வெறுமை;
இவர்களுக்கு முன் இங்கே எவரும் இருக்கவில்லையென்று
தொழிற்சாலையிலேயே வார்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

மாடும் ஒன்றுண்டு.
அதற்கு நான் மதிப்பெண் போடமாட்டேன்.
பன்னிரண்டு வருடமாய் ஆலையில்
மாட்டின் இடது விலா மட்டும் என்னிடம் வரும்,
கொக்கியில் தொங்கி, வரிசையாய், குளிராய்.
இது நாலு காலில் நிற்கிறது, முகத்தோடு.
என்ன கதைப்பதென்று தெரியாமல்
வங்கிக்குப் பின்னால் திருப்பி வைத்தேன்.

நாற்பத்தோராம் பக்கத்தில் சிறை.
கட்டில் ஆறு குமிழ் நீளம்,
கைதியைக் கிடத்தினால் கால் வெளியே நீட்டும்.
ஷெரிப்புக்கும் அவனுக்கும் ஒரே மஞ்சள் முகம், மீசைதான் வேறு.
தலைகளை மாற்றிப் பார்த்தேன்.
அச்சாய்ப் பொருந்துகிறது.

காணாமற்போன துண்டு எதுவென்று அப்போதுதான் பிடிபட்டது:
சாவி.
ஷெரிப்பின் கையில் மாட்டும் நெல்லளவுச் சாவி.
மேசைக்குக் கீழே தேடினேன், பையைக் கவிழ்த்து உதறினேன்,
என் சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன். இல்லை.

ஆனால் சிறைக்குப் பின்னால் ஒரு நெம்பு இருக்கிறது.
அழுத்தினால் பின்சுவர் அப்படியே விழும்.
படத்தில் மஞ்சள் கோடுகள் வெடிக்க,
கைதி சிரித்துக்கொண்டு நிற்கிறான்.
சோதித்துப் பார்ப்பது என் பொறுப்பு. அழுத்தினேன்.
விழுந்தது.
எடுத்துப் பொருத்தினேன். அழுத்தினேன்.
விழுந்தது.

கப்பலால் இறங்கிய வருடம் நான் இருந்த இடத்தில்
பின்சுவரில் ஒரு தொலைக்காட்சி பூட்டியிருந்தார்கள்.
ஏழு மாதம் அதில் ஐஸ் ஹொக்கி பார்த்தேன்.
முப்பது நாளுக்கொருதரம் மீளாய்வு;
மொழிபெயர்ப்பவர் இருமிவிட்டுச் சொல்வார்,
"இன்னும் முப்பது நாள்."
அந்தச் சொல்லை அங்கேதான் முதலில் கேட்டேன்.
இப்போது பாருங்கோ, நானே ஒன்று செய்துகொண்டிருக்கிறேன்,
மூன்றேகால் மணிக்கு, காற்சட்டையில் இரத்தம் காய,
பொம்மைச் சிறையொன்றின் தரம் பற்றி.

பத்தொன்பது தரம் விழுந்தது.
பிசகவில்லை, சிக்கவில்லை, ஒருதரம்கூட.
இருபதாவதுக்கு மேல்வீட்டுக்காரி தரையில் உதைத்தாள்.

பாண் பை கட்டும் கம்பியை முறுக்கிச்
சாவி மாதிரி ஒன்று செய்தேன்.
ஷெரிப்பின் கையில் சரியாய்த்தான் நின்றது.
கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு
அதைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.
பெடியன் கேட்டால் சொல்லலாம்,
சுவர்தானே விழுகிறது.

எல்லாவற்றையும் பிரித்துப் பைகளில் போட்டாயிற்று.
சிறையைக் கடைசியாய்ப் பிரித்தேன்.
மாடு என் காற்சட்டைப் பையில் இருந்ததைக்
காலையில் கண்டு திரும்ப வைத்தேன்.

முடிவு: வாங்கலாம்.
ஆறு வயதுக்கு மேற்பட்டவர்க்கு என்று போட்டிருக்கிறது.
எனக்கு நாற்பத்தேழு.
அளவாய்த்தான் இருந்தது.