ஆணி கீணி

பதினோரு வீடுகள்.
பதினோரு சாவிக்கொத்துகளோடும் கூடவே வந்தது
அந்த ஒரே வாக்கியம்:
"செவுத்துல ஆணி கீணி அடிக்கக் கூடாது."

ஓட்டேரியில் காலண்டர்
ஜன்னல் கம்பியில் தொங்கியது.
கொளத்தூரில் மாமனார் படம்
ஃப்ரிட்ஜ் மேல் சாய்ந்து நின்றது;
கதவைத் திறக்கும்போதெல்லாம் குப்புற விழுந்தார்.
வியாசர்பாடி ஓனரம்மா
நாங்கள் காலி செய்த அன்று
மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
சுவர் சுவராகத் தடவிப் பார்த்தாள்.
ஒரு பழைய ஓட்டைக்கு, எங்களுடையது அல்ல அது,
அட்வான்சில் ஐந்நூறு போனது.

மாத்தூரில் அரை கிரவுண்டு வாங்கியதும்
தணிகாசலம் சொன்னான்:
மரத்திலேயே கட்டுவோம்.
செங்கல் என்றால் கொத்தனார் வேண்டும்,
மரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நூற்று நாற்பது ஞாயிற்றுக்கிழமைகள்.

சூளையில் வாங்கினோம்.
இடித்த வீட்டு உத்திரங்கள், பர்மா தேக்கு,
ஒரு பக்கம் அடுப்புக்கரி ஏறியவை.
இழைப்புளி வைத்த முதல் நாளே
உள்ளே ஒளிந்திருந்த ஆணியில் மோதி
அலகு பல்லிளித்தது.
அதன்பிறகு பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தால்
மரத்தை அங்குலம் அங்குலமாக வருடி
எல்லாவற்றையும் பிடுங்கினேன்.
போர்ன்விட்டா டப்பா நிரம்பியது.
அந்த வீட்டில் யாரோ
எவ்வளவு இஷ்டத்துக்கு அடித்திருக்கிறார்கள்!

கழுந்து அவன் செதுக்குவான், துளை நான்.
மயிரிழை பிசகக் கூடாது என்பான்.
மயிரிழை பிசகவில்லை,
மூன்றாவது தூணில் பக்கமே மாறிவிட்டது.
மூன்றரை அங்குல ஆழம் கொத்தி
தூசியை ஊதிய பிறகுதான் தெரிந்தது,
அதில் சொருகினால் உத்திரம்
பக்கத்து மனைக்குப் போய்விடும் என்று.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
டீ வாங்கப் போனவன்
ஒரே ஒரு டீயோடு திரும்பி வந்தான்.

கத்திரி வெயிலில் சீவிய கழுந்து
ஐப்பசியில் நுழைய மாட்டேன் என்றது.
காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் ஊர் இது,
மரம் குடித்துக் குடித்து ஊதும்.
கொட்டாப்புளியை ஓங்கினால்
துளையின் வாய் கிழியும்.
தார்ப்பாய் போட்டு மூடினோம்.
பதினோராவது வீட்டுக்கு
இன்னும் மூன்று மாத வாடகை.

தையில் ஒரு தட்டு, இன்னொரு தட்டு.
குக்கர் மூடி சரியாக உட்காருமே,
அந்தச் சத்தம்.
பக்கவாட்டில் துளைத்து
வேங்கைக் குச்சி சீவி இறுக்கினோம்.
அதற்கு மர ஆணி என்று பெயராம்,
சூளைக் கடைக்காரர் சொன்னார்.
நான் முளை என்றே சொல்லிக்கொண்டேன்.

பார்க்க வந்த மாநகராட்சி ஆள்
சுற்றிச் சுற்றி நடந்தார்.
"இது வீடா, செட்டா?
என்னன்னு எழுதறது?"
தணிகாசலம் தூணைத் தட்டிக் காட்டினான்.
அவரும் தட்டிப் பார்த்தார்,
எதுவும் எழுதாமல் போனார்.

குடி வந்த வருஷமே புயல்.
ராத்திரி முழுக்க வீடு முனகியது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு
மூட்டு மூட்டாகப் போய்க் கை வைத்தேன்.
ஜுரம் பார்ப்பதுபோல.
எல்லாம் அசைந்தன, எதுவும் விடவில்லை.
பக்கம் மாறிக் கொத்திய துளையில்
ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.
வெளிச்சத்தை அணை என்பதுபோல் பார்த்தது.
அணைத்தேன்.

ஜனவரியில் மளிகைக் கடைக் காலண்டர் வந்தது.
போர்ன்விட்டா டப்பாவைக் கவிழ்த்து
அதிகம் வளையாத ஒன்றைப் பொறுக்கி
சுத்தியலோடு சுவர்முன் நின்றேன்.
என் சுவர். என் ஆணி.
கேட்க நாதியில்லை.

குளித்துக்கொண்டிருந்த தணிகாசலம்
உள்ளிருந்து கத்தினான்:
"அங்க என்ன சத்தம்?"

நான் இன்னும் ஓங்கவே இல்லை.