சூடு என்று சொல்லி

ஆகஸ்ட் பதினைந்து, கொடியேற்றிய கையோடு
மொட்டை மாடியில் சாப்பாடு, வீட்டுக்கு ஒரு ஐட்டம் என்று
செகரட்டரி குணசுந்தர் குரூப்பில் போட்ட
ஐந்தாவது நிமிடம்
மூன்று பேர் தயிர்சாதம் என்று எழுதிவிட்டார்கள்.
நான் புளியோதரை என்று எழுதி
அழித்து
மறுபடி எழுதினேன்.

முந்தின இரவே புளிக்காய்ச்சல் இறக்கியாயிற்று.
நல்லெண்ணெய் பிரிந்து மேலே நிற்க,
வெந்தயம் ஒரு சிட்டிகை கூடுதலாக.
அது என் கைவாகு.
நாக்கின் ஓரத்தில் கசப்பு
தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும் எனக்கு.
இருபத்துநான்கு வீட்டுக்கு
எதில் போட்டுக் கிளறுவது என்பதுதான்.
நானும் மகளும் மட்டுமான வீட்டில்
எல்லாம் கிண்ணம் கிண்ணமாகத்தான் இருக்கிறது.

பரணில் ஒன்று கிடந்தது.
அகன்ற எவர்சில்வர் அடுக்கு.
விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாய் வெட்டிய எழுத்தில்
என் பெயர், ஒரு கோடு, இன்னொரு பெயர்,
ஒரு ஜூன் மாதத் தேதி.

கோர்ட்டில் கட்டில் பீரோ வரை பட்டியல் போட்டார்கள்.
இதை யாரும் எழுதவில்லை.
கம்பி நாரால் தேய்த்துப் பார்த்திருக்கிறேன்.
எழுத்து பளபளத்தது, அவ்வளவுதான்.

துண்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு
படியேறினேன்.
என்ன, குழந்தை மாதிரி போர்த்தி எடுத்துட்டு வர்றீங்க
என்றார் திலோத்தமா.
சூடு, என்றேன்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு மேசை.
பொழிச்சலூருக்கு மேலே விமானம் தாழ வரும்போதெல்லாம்
பேச்சு பாதியில் நின்று
அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கியது.
ஜோயல் வீட்டுக் கேசரி கடையில் வாங்கியது.
கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றியிருந்தும்
செர்ரி காட்டிக்கொடுத்தது.
எல்லாரும் சாப்பிடணும்னு கறி போடலை, கறி போடலை என்று
ரஹ்மத்நிஸா தன் தால்சாவுக்கு
மூன்று முறை சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.
மூன்று தயிர்சாதத்தில் ஒன்று தீர்ந்தது.
ஒன்று பாதி.
ஒன்றை யாரும் திறக்கவே இல்லை.
கொண்டுவந்தவர் கடைசியில் தானே திறந்து
தானே பரிமாறிக்கொண்டதை
நான் பார்க்காதவள் போல நின்றேன்.

அப்புறம் மழை.
நாற்காலியோடு ஒருவர், கொடியோடு ஒருவர்,
யார் பாத்திரம் யார் கையில் என்றில்லாமல் ஓடினோம்.
வீட்டுக்கு வந்து பார்த்தால்
என்னிடம் துண்டு மட்டும்.

சாயங்காலம் குரூப்பில் படம்:
படிக்கட்டுத் திருப்பத்தில் என் அடுக்கு,
அடியில் நாலு பருக்கை,
பெயர்கள் பக்கம் கேமராவைப் பார்த்து.
“சுகந்தி – பார்த்திபன் எந்த வீடு?”
இந்தக் கட்டடத்தில் நான் எஃப்-3 மேடம்.
வர்ஷிகா அம்மா.
யாரும் பதில் போடவில்லை.
நானும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மூன்றாம் நாள் காலிங்பெல்.
ரஹ்மத்நிஸா. கையில் அடுக்கு.
“அன்னிக்கே எடுத்துட்டேன்.
அடியில ஒட்டினதை வழிச்சு வாயில போட்டேன்.
வெந்தயம்!
மாடியில ரெண்டு தடவை உங்க கிட்ட வாங்கினேனே, அதேதான்.
வெறும் பாத்திரமா எப்படிக் கொடுக்கிறதுன்னுதான் மூணு நாளாச்சு.”

நடுவே ஒரு டப்பாவில் வட்டலாப்பம்.
அது ஆடாமலிருக்க
சுற்றிலும் ஒடித்துச் செருகிய முருங்கைக்காய்.
வெளியே, விளிம்பு மறைய,
கட்டம் போட்ட துண்டொன்றைச்
சுற்றியிருந்தார்.

சூடா, என்றேன்.
இல்லை, என்றார்.

பிறகு, வெந்தயத்தை வறுத்துப் பொடிக்கிறதா
அப்படியே போடுறதா என்று அவர் கேட்க,
நான் வாயைத் திறக்க,
விமானம்.

அது போகட்டும் என்று
இரண்டு பேரும் வாசலில் நின்றோம்,
அடுக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு.