லிஃப்ட் பழுது

திங்கள் காலை.
வெள்ளவத்தையில், கடல்பக்க ஒழுங்கையில்,
ஐந்தாம் மாடியிலிருந்து
பின்புறமாக இறங்கிக்கொண்டிருக்கிறேன்,
ஏணியில் இறங்கும் வெள்ளையடிப்பவனைப் போல
கைப்பிடியை இரு கையாலும் பற்றி.
முழங்கால் மடிய மறுக்கிறது.

மூன்றாம் மாடிக் குழந்தை
பள்ளிப் பையோடு நின்று பார்க்கிறது.
"அந்த அக்கா ஏன் ரிவர்ஸில போறா?"
அதன் அம்மா வாயைப் பொத்துகிறாள்,
தன்னுடையதை.

"லேசான மலை" என்று சொன்னது உபேக்ஷா.
கேண்டீனில் பிளேன்டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்.
கைக்குழந்தையோடு ஏறுகிறார்களாம்.
அது சீசனில், விளக்கெரியும் மாதங்களில்,
நல்லதண்ணிப் பக்கமாக.
நாங்கள் போனது நவம்பரில்,
குருவிட்டைப் பக்கமாக.

எனக்கு அறந்தாங்கி.
எங்கள் பக்கம் மலை என்றால்
வெடிவைத்துப் பாதி தின்ற கல்குவாரி.
கொஞ்சம் தள்ளிப்போனால் ஒரு குன்று,
நூற்றுப்பத்துப் படி, மேலே முருகன்,
இறங்கியதும் சர்பத்.
அந்தக் கணக்கை நம்பித்தான்
பிறக்கோட்டையில் பஸ் ஏறினேன்
கான்வாஸ் சப்பாத்தும்
ஒரு பாக்கெட் மாரி பிஸ்கட்டுமாக.
சப்பாத்து என்று சொல்லப் பழகியிருந்தேன்.
அதற்கு மேல் இந்த நாட்டைப் பற்றி
எனக்கு ஒன்றும் தெரியாது.

மூன்றாம் மைலில் மழை பிடித்தது.
படியென்று கால் வைத்தது தண்ணீர்.
தண்ணீரென்று தாண்டியது படி.
எதிரே ஒருவர் வெறுங்காலோடு வந்தார்,
தலையில் காலி கேஸ் சிலிண்டர்.
எவ்வளவு தூரம் என்று கேட்டோம்.
"தவ டிகய்."
இன்னும் கொஞ்சம்தான்.
ஒரு மணி நேரம் ஏறினோம். இன்னொருவர்.
"தவ டிகய்."
சிங்களத்தில் நான் பிழையில்லாமல் சொல்லும்
முதல் வாக்கியம் அது.

முஸம்மில் பள்ளிக்கூட ரக்பியில் முன்வரிசை.
என் பையையும் அவன்தான் சுமந்தான்,
சுமக்கிறான் என்பதை அடிக்கடி நினைவூட்டியபடி.
நாலு மணிக்கு ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்தவன்
எழவில்லை.
அழுதான். சத்தமில்லை,
தோள் மட்டும்.
உபேக்ஷா எல்லா மரத்தையும்
பெயர் தெரிந்தவள் போல் பார்க்கத் தொடங்கினாள்.
நான் அவன் காலுறையை உருட்டி
அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்,
முகத்தைப் பார்க்காமலிருக்க
வாய்விட்டு எண்ணியபடி.
பத்தொன்பது.
எனக்குள் ஏதோ கால்நீட்டி உட்கார்ந்தது:
அப்பாடா,
முதலில் உடைந்தது நானில்லை.

உச்சியை நாங்கள் பார்க்கவேயில்லை.
மேகத்துக்குள் ஏறி
மேகத்துக்குள்ளேயே இறங்கினோம்,
கடைசி இரண்டு மணி நேரம்
மூவருக்கும் ஒரே போன் வெளிச்சத்தில்.

இரவு அம்மா கேட்டாள்,
"சாமி கும்பிட்டியா?"
"கும்பிட்டேன்."
எந்தச் சாமி என்று
அவளும் கேட்கவில்லை.

ஒருவழியாகத் தரை.
வாட்ச்மேனிடம் லிஃப்டைக் காட்டி, கையை விரித்து,
எப்போது என்றேன்.
"தவ டிகய், மிஸ்."
சிரிப்பதற்கும் தொடைத்தசை வேண்டும் என்று
அன்றுதான் தெரிந்தது.

தை மாதம் ஒரு விடியலில்
மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனேன்.
கிழக்கே, கிரேன்களும் தண்ணீர்த் தொட்டிகளும் தாண்டி
ஓர் ஊதா முக்கோணம்,
காலிமுகத்திடலில் யாரோ
கவிழ்த்துவிட்டுப் போன கடலைச் சுருள் அளவு.
கட்டைவிரலை நீட்டினேன்,
முழுதும் மறைந்தது.
எடுத்தேன்,
இருந்தது.

படம் பிடித்து முஸம்மிலுக்கு அனுப்பினேன்,
ஒரு சொல்லும் சேர்க்காமல்.
நெடுநேரம் நீல டிக் மட்டும்.
கொடியில் துணி சொட்டிக்கொண்டிருந்தது.
பிறகு வந்தது:
"எத்தனை அட்டை?"
"பத்தொன்பது."
"இருபது.
ஒன்றை நான் பஸ்ஸில் எடுத்தேன்."