மூன்றாம் பார்வை

என் ஜாதகத்தைக் கணித்தவர் முழுநேர ஜோதிடர் இல்லை.
அருவங்காடு வெடிமருந்து ஆலையில் ஃபிட்டர்.
ரசமட்டம் வைத்துப் போட்டதுபோல்
கட்டங்கள் அத்தனை நேர்.

மிதுன லக்னம். ஆனி மாதம், விடியுமுன்.
இரண்டில் புதன், அதுவும் பகை வீட்டில்.
பன்னிரண்டில் சனி.
மூக்குப்பொடியை உதறிவிட்டு
அப்பாவிடம் சொன்னாராம்:
"உங்க பொண்ணுக்குப் பின்னால நின்னு
தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறான்,
அவ வாயைத் திறக்கிறப்பல்லாம்."

நான்கு வயதுவரை நான் திறக்கவில்லை.
திறந்தபோது சொன்னது: "உப்பு."
ரசத்தில் அன்று உப்பு அதிகம்தான்.

பள்ளியில் விடை தெரியும்.
எழுந்து நிற்பதற்குள் சனி
ஒவ்வொரு சொல்லாக எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான்.
இது வேண்டாம். இதுவும்.
டீச்சர் அதற்குள் அடுத்த பெஞ்சுக்குப் போயிருப்பார்.

பெண் பார்க்க மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தவர்கள்
பேசுவாளா என்று கேட்டார்கள்.
பேசினேன்:
"கேசரி அடிப்பிடிச்சிருக்கு, பார்த்துச் சாப்பிடுங்க."
எங்கள் வீட்டுக் கேசரி.
மலை ரயிலுக்குக்கூடக் காத்திராமல்
வேன் பிடித்து இறங்கிப் போனார்கள்.

இரண்டாம் இடம் வாக்கு மட்டுமில்லை.
தனமும் அதுதான், குடும்பமும் அதுதான்.
ஒரே அறையில் மூன்று குடித்தனம்.
ஒருவர் இருமினால் மற்றவர்கள் விழித்துக்கொள்வார்கள்.

குன்னூரில், பெட்ஃபோர்டுக்கு மேலே,
வடக்குப் பார்த்த ஜன்னலுள்ள அறையில்
வேலை கிடைத்தது.
வெள்ளைக் கிண்ணங்கள் நாற்பது. ஒரு கரண்டி.
உறிஞ்சு, உருட்டு, துப்பு, சொல்.
ஒரு சொல் போதும்.
புகை. சப்பை. கருகல். உயிருண்டு.
ஏலத்தில் அந்தச் சொல்லுக்குக்
கிலோவுக்கு நான்கு ரூபாய் ஏறும், இறங்கும்.
இருபத்தாறு வருடம்
பின்னால் நின்று தலையாட்டியே
சனி எனக்குச் சம்பளம் வாங்கித் தந்தான்.

பிறகு அந்த மார்ச் மாதம்,
பதினேழாம் கிண்ணம்.
பெயர் இருக்காது, எண் மட்டும்.
உறிஞ்சினேன். துப்பினேன்.
"அதிகம் புளித்தது. கவனக்குறைவு."
முதல் பாதியோடு நிறுத்தியிருக்கலாம்.

கட்டபெட்டுத் தொழிற்சாலையில்
இலை புளிக்கும் அறைக்கு மேற்பார்வையாளன்
என் தம்பி தணிகாசலம்.
அந்த வாரம் அவன் மகனுக்குக் காய்ச்சல் என்று
எனக்குத் தெரியும்.
கிண்ணத்துக்குத் தெரியாது.

வேலை போகவில்லை அவனுக்கு.
பேச்சுதான் போனது, என்னோடு.
இரண்டரை வருடம்.
ஒரு ராசியைக் கடக்கச் சனிக்கு ஆகும் காலம்;
நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதை
யாரிடமும் சொன்னதில்லை.
ஃபிட்டர் இறந்துவிட்டார், பரிகாரம் கேட்க ஆளில்லை.
நானாக எள் தீபம் ஏற்றிப் பார்த்தேன்.
காக்கைக்கு வைத்த சோற்றைக்
குரங்கு தின்றது.

நேற்றிரவு மழை விட்டதும் ஃபோன்.
தம்பியின் எண்.
எடுத்தேன். அவனும் பேசவில்லை.
அவன் கட்டத்தில் யார் யாரைப் பார்க்கிறார்களோ.
இருவர் மூச்சும் கேட்டது,
அவன் பக்கம் ஒரு குழாய் சொட்டுவதும்.

தோளுக்குப் பின்னால் சனி குனிந்தான்.
'மன்னிச்சுக்கோ' என்பதை நாக்கில் வைத்துப் பார்த்தேன்,
அதிகம் காய்ந்திருந்தது.
'எப்படி இருக்கே', புகை.

"டீ குடிச்சியா?" என்றேன்.

"இப்பத்தான் போட்டேன்," என்றான் வெகுநேரம் கழித்து,
"ரொம்பக் கொதிச்சுப் போச்சு."

"நல்லாத்தான் இருக்கும், குடி" என்றேன்,
நான் ருசித்துப் பார்க்காத கிண்ணத்தைப் பற்றி.