பதினாறு அங்குலம்

விறகு பிளக்கும் எந்திரத்திலிருந்து
கழற்றிய என்ஜின் இது.
ஆறரைக் குதிரைசக்தி என்று மூடியில் அச்சிட்டிருக்கிறது.
குதிரைகளை நான் எண்ணிப் பார்த்ததில்லை.
இரும்புச் சட்டத்தில் நான்கு போல்ட் போட்டு உட்கார்த்தி
பின்னால், மூடிப்போன மதுக்கடையின் உயரமான ஸ்டூலைப் பற்றவைத்தால்
மிச்சிகன் வடகோடியில், பிப்ரவரியில்,
உறைந்த ஏரியின் மேல்
அதற்குப் பந்தய வண்டி என்று பெயர்.

போன வருடம் ஏழு பேரில் ஆறாவதாக வந்தேன்.
ஏழாவது ஆள் கவிழ்ந்துவிட்டான்.

குற்றம் சைலன்சர்மேல் என்றான் மெரில்.
உதிரிபாகம் விற்கிறவன்;
எந்தக் குற்றத்துக்கும் அவனிடம் ஒரு விலைச்சீட்டு உண்டு.
இருந்தாலும் அன்றிரவு அந்தத் தகர டப்பாவை அறுத்துப் பார்த்தேன்.
ஒரு தடுப்பு. ஒரு திருப்பம். இன்னொரு தடுப்பு.
சல்லடைக் கண்ணாய் ஊசித்துளைகள்.
ஓடுகிறவளின் வாயைப் பொத்திக்கொண்டு
ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறாய் என்று
இத்தனை நாள் நானே கேட்டிருக்கிறேன்.

பள்ளிக்கூட ஏலத்தில் மூன்று டாலருக்கு எடுத்த
சாப்பாட்டு மேசையின் கால், நல்ல எஃகுக் குழாய்.
காய்ந்த மணலை இட்டு, இரு முனையும் அடைத்து,
சிவக்கக் காய்ச்சி வளைத்தேன்.
எந்தப் பிள்ளையோ ஒட்டிவைத்த சூயிங்கம் உருகி
கொட்டகையில் ஒரு நொடி புதினா மணத்தது.
முப்பத்திரண்டு அங்குலம்.
புது கேஸ்கெட், இரண்டு போல்ட்.

முதல் இழுப்பிலேயே பற்றிக்கொண்டது.
கூரையிலிருந்த பனி
மொத்தமாக வழுக்கி முற்றத்தில் விழுந்தது.
இரவெல்லாம் சாலையில் பனி தள்ளிவிட்டுப்
பகலில் தூங்குகிற எதிர்வீட்டு டவ்னோ
உள்ளாடையோடு வாசலுக்கு வந்தான்.
திட்டப்போகிறான் என்று விசையை அணைத்தேன்.
"பட்டினி போடுகிறாய் அதை" என்றான்.
கதவைச் சாத்திக்கொண்டான்.

பிளக்கைக் கழற்றினேன். எலும்பு வெள்ளை.
மூச்சு கூடினால் பசியும் கூடும்;
அது எனக்குத் தோன்றவில்லை.
கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டதும்
பிளக் காபிக்கொட்டை நிறத்துக்கு வந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

இரண்டு அங்குலம் வெட்டினேன். சத்தம் ஏறியது.
இன்னும் இரண்டு.
சத்தத்தையும் வேகத்தையும்
ஒரே கணக்கில் வரவு வைத்தது என் காது.
ஏரியில் கடிகாரம் வேறு சொன்னது;
கடிகாரத்தின் பாட்டரிமேல் சந்தேகப்பட்டேன்.
பதினாறில் வந்து நின்றபோது
புறப்படும் கோட்டிலேயே வண்டிக்கு முழங்கால் மடிந்தது.

வெளியே போகும் புகையோடு ஓர் அலை
குழாயின் வாய்வரை ஓடித் திரும்பி வந்து
மிச்சப் புகையை இழுத்துப்போக வேண்டுமாம்.
பாதை குட்டையானதால்
பந்திக்கு முந்திய அலை
இலை போடுமுன்னே எழுந்து போய்விட்டது.

வெட்டிய துண்டுகள் எட்டு, காபி டப்பாவில் கிடந்தன.
நான்கை எடுத்து
ஒவ்வொன்றாகத் திரும்ப வெல்டிங் செய்தேன்.
உள்பக்கப் பிசிறை அரைவட்ட அரத்தால் ராவினேன்.
ஒரு துண்டைத் தலைகீழாக வைத்துவிட்டேன் என்பது
பிறகுதான் தெரிந்தது; அதனால் ஒன்றும் ஆகவில்லை.

நான்காவதாக வந்தேன்.
முதலிடம் வெர்னா லாஹ்டிக்கு.
கம்பெனி மாட்டிக்கொடுத்த துருப்பிடித்த சைலன்சரோடு,
தையல் எந்திரம் போன்ற சத்தத்தில்,
கையுறையைக்கூடக் கழற்றாமல் கோப்பையை வாங்கினாள்.
"குழாயில் அந்த வளையங்கள் எதற்கு?" என்றாள்.
அளவுக்குறிகள் என்றேன்.

திங்கட்கிழமை என்ஜின் மறுபடி விறகுக்கு வந்தது.
பழைய சைலன்சர் இரண்டு பாதியாகப் பெஞ்சின்மேல் கிடக்கிறது;
புதிதுக்கு மெரில் முப்பது டாலர் கேட்கிறான்.
எனவே மாலை ஐந்தாகி
எதிர்வீட்டுச் சமையலறையில் விளக்கு எரியும்வரை
கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு
விறகுக் கட்டையின்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.
இன்று நாலே முக்காலுக்கே எரிந்தது.