மணிக்கு இருபது மில்லி

ஆசாரிபள்ளம், பெண்கள் வார்டு, பதினான்காம் கட்டில்.
பிலோமினாள், அறுபத்திமூன்று, கடியபட்டணம்.
சோடியம் நூற்றி ஒன்பது.

சீட்டைப் படித்துவிட்டு
மறுபடியும் பெயரைப் பார்த்தேன்.
நாற்பது வருடம் கருவாட்டுக் கடவம் சுமந்தவள்.
விரலிடுக்கில் உப்பு அரித்த தழும்பு.
நரம்பு தேடிக் கையைத் திருப்பினால்
தோலில் இன்னும் சாளை வாடை.
இவள் இரத்தத்திலா உப்பு குறைந்தது?

மூன்று வாரம் முன் பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள்.
உப்பைத் தொடாதே என்றார்கள்.
வெக்கைக்குத் தண்ணி குடி, குடி என்றார்கள்.
மூன்று பேச்சையும் தட்டாமல் கேட்டிருக்கிறாள்.

இப்போது சலைன் ஸ்டாண்டோடு பேரம்:
"நெத்தோலி நூறுக்குக் குறையாது.
வேணும்னா எடு, இல்லன்னா நடைய கெட்டு."

மகன் ஜெனிஸ்டன் போட்டிலிருந்து நேராக வந்தவன்,
லுங்கியில் டீசல் கறை.
பம்பின் மேல் கை வைத்தபடி கேட்டான்:
"மணிக்கு இருபதுதானா சிஸ்டர்?
வேகமா விட்டா என்ன?
அம்மைக்கு என்னையத் தெரியல்லியே."

மூளை நீர் கோத்து வீங்கியிருக்கிறது,
சட்டென்று உப்பு ஏறினால் சுருங்கிச் சேதமாகும்,
பிறகு நாக்கு புரளாது, கை எழாது:
இதையெல்லாம் இரவு ஒன்பது மணிக்கு எப்படிச் சொல்ல?
"வாளை உப்புல எத்தன நாள் கெடக்கணும்?" என்றேன்.
"மூணு."
"அவசரத்துக்கு ஒரே நாள்ல எடுத்தா?"
"வெளிய வெள்ள வெளேர்னு இருக்கும்.
உள்ள, முள்ளோரத்துல அழுவிப் போவும்."
சொல்லி முடித்ததும்
பம்பிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

பதினைந்தாம் கட்டிலில் வேறு கணக்கு.
குலசேகரத்துக்காரிக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ்,
தலையணை உறைக்குள் இரண்டு செவ்வாழை, தோல் மட்டும்.
ஈசிஜி தாளில் கூடாரம் கூடாரமாக முனைகள்.
கால்சியம் மெதுவாக ஏற்றி, இன்சுலின் தொடங்கி,
தோலைக் குப்பையில் போட்டேன்.
"வீட்டுக் கொலைல வெளஞ்சது" என்றாள்.
விடியும்வரை என்னோடு வேறெதுவும் பேசவில்லை.

இரண்டு மணி.
அதுவரை மணிக்கு முப்பது, நாற்பது சொட்டிய மூத்திரப் பை
ஒரே மணியில் நானூற்றைம்பது.
நிறமே இல்லை, கிணற்று நீர் மாதிரி.
"மாதா காப்பாத்திட்டா!" ஜெனிஸ்டன் எழுந்துவிட்டான்.
எனக்கு வயிறு கலங்கியது.
அடைத்து வைத்த தண்ணீரை உடம்பு திறந்துவிட்டது.
இனி நாங்கள் ஏற்றாமலே உப்பு ஏறும்,
நாங்கள் நினைத்ததைவிட வேகமாக.

இரத்தம் எடுத்து அனுப்பி, டூட்டி டாக்டரை எழுப்பினேன்.
நூற்றிப் பதினாறு.
பன்னிரண்டு மணி நேரத்தில் ஏழு.
நாள் முழுவதற்கும் எட்டுதான் எல்லை.
"பம்பை நிறுத்துங்க. டெக்ஸ்ட்ரோஸ் போடுங்க" என்றார்
கண்ணாடியைத் தேடியபடி.

தண்ணீர் மிஞ்சி விழுந்தவளுக்குத்
தண்ணீரே ஏற்றினேன்.
ஜெனிஸ்டன் என் முகத்தைப் பார்த்தான்.
இதைச் சொல்ல என்னிடம் மீன் ஏதுமில்லை.
"இனி ஒவ்வொரு மணிக்கும் அளக்கணும்" என்று
அளவுக் குவளையை அவன் கையில் கொடுத்தேன்.

ஆறு மணிக்கு நூற்றிப் பதினைந்து.
பெயர் கேட்டேன், சொன்னாள்.
இடம் கேட்டேன்: "ஆசுத்திரி. பெரிய ஆசுத்திரி."
கிழமை?
மகனை மேலும் கீழும் பார்த்தாள்.
"இவன் கரையில நிக்கான்லா. அப்பம் ஞாயிறு."
புதன்கிழமை.
நாள் தெரியவில்லை என்று எழுதினேன்,
எழுதப் பிடிக்காமல்.

ஏழு மணிக்கு ஒப்படைத்தேன்.
அடுத்த ரத்தம் எட்டு மணிக்கு,
பம்பு நிறுத்தியபடியே இருக்கட்டும்,
பதினைந்துக்கு வரும் பைகளைத் திறந்து பார்.
அப்புறம், பதினான்கின் தாளில்
மூன்று மணியிலிருந்து இருப்பது மகன் எழுதியது.
கையெழுத்து மோசம்.
எண்கள் சரி.