இருநூற்று நாற்பது கிலோ

நெய்வேலியிலிருந்து வந்தவன் பெயர் கிள்ளிவளவன்.
அரைமணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
"லடாக் போயிருக்கா சார்?"
"போயிருக்கு, ஒரு தரம்."
மற்ற ஆறு வருஷமும்
மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் துறைமுகம்,
திரும்பும்போது ஒரு கிலோ வஞ்சிரம்
என்று நான் சொல்லவில்லை.
லாரன்ஸ் ரோடு நெரிசலில்
தொடையை வறுத்ததையும் சொல்லவில்லை.

சொன்னது இதை மட்டும்:
போன ஐப்பசியில், கெடிலக்கரைச் சேற்றில்,
நின்றபடியே சாய்ந்தது.
ஓடும்போது விழுந்திருந்தால் கதையாவது மிஞ்சும்.
ஐஸ் வண்டிக்காரர்கள் மூன்று பேர்
தம் கட்டித் தூக்கினார்கள்.
ஒருவர் சொன்னார்:
"எருமை வாங்கியிருக்கலாம் நீங்க,
தானா எழுந்திருக்கும்."

கிள்ளிவளவன் சிரித்தான்.
அவனுக்குக் கால் தரையில் எட்டியது.

இப்போது இருப்பது இருநூறு சிசி.
"பழசு சர்வீஸுக்குப் போயிருக்கா?" என்கிறார்
எதிர்வீட்டு செலின் டீச்சர்.
சிக்னலில் எவனும் விலை கேட்பதில்லை.
கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

நேற்று தேவனாம்பட்டினம் தாண்டி
சவுக்குத்தோப்பு மணலில் வேண்டுமென்றே விட்டேன்.
முன்சக்கரம் புதைந்து
விழுந்தோம், இரண்டு பேரும்.
சுற்றிலும் ஆளில்லை.
ஹேண்டிலைப் பிடித்து, முட்டியை மடக்கி
ஒரே மூச்சு.
நின்றுவிட்டது.
மறுபடி படுக்கவைத்துத்
தூக்கிப் பார்த்தேன்.

அவன் வேண்டாமென்று விட்டுப்போன
அலுமினியப் பெட்டிகளில் ஒன்றில்
மணிமொழி ரேஷன் அரிசி கொட்டிவைத்திருக்கிறாள்.
இன்னொன்று பூட்டியிருக்கிறது.
சாவி வண்டிச் சாவியோடு நெய்வேலிக்குப் போய்விட்டது.
உள்ளே என்ன வைத்தேன், நினைவில்லை.
ஆட்டினால்
ஏதோ உருள்கிறது.